அந்தக் கம்பி எந்த நாளில் என்னுடையதாயிற்று?



2009-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நாள், என் முன்னாள் மாணவர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து கைப்பேசியில் அழைத்தார். ஆறாம் ஆண்டில் என்னிடம் தமிழ் படித்தவர். அங்கே ஒரு சிற்றூரில் பழைய மரவீடு ஒன்றை வாங்கிக் குடியேறியிருந்தார். நலம் விசாரித்து முடித்ததும் மனக்குறை ஒன்றைக் கொட்டினார்.

"ஐயா, போன மாதம் வீட்டுத் தொலைபேசி ஊமையாகிவிட்டது. நிறுவனத்திற்குச் சொன்னேன். ஓர் ஊழியர் வந்தார். வீட்டுக்குள் காலெடுத்தே வைக்கவில்லை! வெளிச்சுவரில் இருந்த ஒரு சாம்பல்நிறப் பெட்டியைத் திறந்தார். தம் கையிலிருந்த தொலைபேசியை அதில் செருகிப் பார்த்தார். 'இதுவரை எல்லாம் சரியாக இருக்கிறது, இதற்கு அப்பால் உள்ளது உங்கள் கம்பி' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்த மாதக் கட்டணச் சீட்டில் அவர் வந்து போனதற்கும் பணம் கேட்டிருக்கிறார்கள்!"

"சரி தம்பி, அதில் என்ன ஐயம்?" என்றேன்.

"வீட்டுக்குள் அந்தக் கம்பியைப் போட்டதே ஒரு காலத்துத் தொலைபேசி நிறுவனம்தான் ஐயா. பிறகு அந்தக் கம்பி எந்த நாளில் என்னுடையதாயிற்று?"

நல்ல கேள்வி. வகுப்பில் அவர் கேட்ட கேள்விகளைவிட நல்ல கேள்வி! எனக்கு உடனே விடை தெரியவில்லை. தேடிப் படித்தேன். அந்தக் கேள்விக்கு விடையாக ஒரு குறிப்பிட்ட நாளே உண்டு என்பதையும், அந்த நாளுக்குப் பின்னால் முப்பதாண்டு வழக்கு ஒன்று உண்டு என்பதையும் அறிந்து வியந்தேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

சொற்களின் வழியே ஒரு நடை

தமிழாசிரியன் எதையும் சொல்லிலிருந்து தொடங்குவதே வழக்கம். தொலைபேசித் துறையின் அடிப்படைச் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு வரலாற்றைச் சுமந்துகொண்டிருக்கின்றன. நிலையத்திலிருந்து வீடுவரை அவற்றோடு நடந்து பார்ப்போம்.

அலெக்சாண்டர் கிரகாம் பெல் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்றது 1876 மார்ச் 7-இல். முதலில் தொலைபேசி என்பது இரண்டு இடங்களை நேரே இணைக்கும் ஒரு கம்பி மட்டுமே. 21 வீடுகளும் ஒன்றோடொன்று பேச வேண்டுமானால் 210 கம்பிகள் வேண்டும். இச்சிக்கலைத் தீர்க்கப் பிறந்ததுதான் தொலைபேசி நிலையம். 1878 ஜனவரி 28-இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் முதல் வணிக நிலையம் திறக்கப்பட்டபோது அதற்கு வாய்த்தவர்கள் சரியாக 21 வாடிக்கையாளர்கள். ஒரு தடத்தைப் பலர் பகிர்ந்துகொண்டதால் எட்டே தடங்களில் வேலை முடிந்தது. கம்பிகள் அனைத்தும் வந்து கூடும் நடுவிடம் ஆதலால் நிலையத்திற்குச் 'சென்ட்ரல் ஆபீஸ்' என்று பெயர் நிலைத்தது. இணைப்புப் பலகையின் முன் அமர்ந்திருந்த பெண்ணையே மக்கள் 'சென்ட்ரல்' என்று அழைத்தார்கள்.

நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பிக்கு 'லூப்' என்று பெயர். சுற்று, கண்ணி என்று பொருள். தொடக்கத்தில் ஒற்றை இரும்புக் கம்பிதான் இருந்தது. மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வழியாக மண்ணையே பயன்படுத்தினார்கள். மண்வழியே வேற்று மின்னோட்டங்களும் புகுந்து இரைச்சல் தாங்க முடியாமற் போயிற்று. 1881-இல் பாஸ்டனில் ஜான் கார்ட்டி என்ற இளைஞர் இரண்டாவது கம்பியைச் சேர்த்துப் பார்த்தார். போக ஒன்று, வர ஒன்று என்று சுற்று முழுமை பெற்றதும் இரைச்சல் அடங்கியது. அன்றுமுதல் தொலைபேசிக் கம்பி என்றாலே இணைக்கம்பிதான்.

அந்த இரண்டு கம்பிகளுக்கும் 'டிப்', 'ரிங்' என்று பெயர். 'ரிங்' என்பது மணியோசையைக் குறிக்கும் என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். தவறு! இணைப்புப் பலகையில் பெண்கள் கையால் எடுத்துச் செருகிய முளையின் நுனி ஒரு கம்பிக்கும், நுனிக்கு அடுத்த வளையம் மறு கம்பிக்கும் தொடர்பு தந்தன. நுனி 'டிப்', வளையம் 'ரிங்'. பலகைகள் மறைந்துவிட்டன. ஆனால், அந்த முளையின் வடிவம் சொல்லில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பழைய அமெரிக்க வீட்டுக் கம்பிகளில் பச்சை நிறம் நுனி, சிவப்பு நிறம் வளையம். மஞ்சளும் கறுப்பும் இரண்டாவது தடத்துக்கென ஒதுக்கப்பட்டவை.

இந்த இணைக்கம்பியில் நிலையத்து மின்கலத்திலிருந்து 48 வோல்ட் எப்போதும் நின்றுகொண்டிருக்கும். மணி அடிக்கும்போது ஏறத்தாழ 90 வோல்ட் மாறுமின்னோட்டம் வரும். வீட்டில் மின்சாரம் தடைப்பட்ட இரவிலும் பழைய தொலைபேசி பேசியது இதனால்தான்.

ஒரு நிலையத்திற்குள் ஆயிரக்கணக்கான இணைக்கம்பிகள் வந்து சேரும் பெரிய இரும்புச் சட்டத்திற்கு 'மெயின் ஃபிரேம்' என்று பெயர். அங்கிருந்து தடித்த வடங்களாகப் புறப்படும் கம்பிகள், தெருவோரப் பெட்டிகளில் பிரிந்து, கம்பத்தை அடைகின்றன. வடத்துக்குள் எந்தக் கம்பி யாருடையது என்று எப்படி அறிவது? வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா என ஐந்து நிறங்கள் ஒருபுறம். நீலம், செம்மஞ்சள், பச்சை, பழுப்பு, சாம்பல் என ஐந்து நிறங்கள் மறுபுறம். ஐயைந்து இருபத்தைந்து இணைகள்! வாய்பாடு படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க எடுத்துக்காட்டு இது.

கம்பத்திலிருந்து வீட்டுச் சுவருக்கு இறங்கும் கம்பி 'டிராப்', அதாவது இறங்குகம்பி. அது சுவரைத் தொடும் இடத்தில் 'புரொடெக்டர்' என்னும் காப்புக்கருவி இருக்கும். மின்னல் தாக்கினால் அந்த ஆற்றலை வீட்டுக்குள் விடாமல் மண்ணுக்குள் இறக்கிவிடுவதே அதன் பணி. அதற்கு அப்பால் இருப்பது உள்கம்பி. என் மாணவரின் வழக்கு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

எல்லாம் அவர்களுடையதாக இருந்த காலம்

பெல்லின் மாமனார் கார்டினர் ஹப்பார்டு தொடக்கத்திலேயே ஒரு முடிவு எடுத்தார்: தொலைபேசியை விற்பதில்லை, வாடகைக்கு மட்டுமே விடுவது. அந்த ஒரு முடிவு நூறாண்டுக்கு மேல் நீடித்தது. ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் தலைமையில் வளர்ந்த பெல் குழுமத்தில் நிலையமும் கம்பமும் மட்டுமல்ல, உங்கள் வீட்டுச் சுவருக்குள் ஓடிய கம்பியும், மேசைமேல் இருந்த கருவியும் குழுமத்தின் உடைமையே. பழுதானால் ஆள் வருவார், சரிசெய்வார், தனியே காசு கேட்கமாட்டார். ஆனால், படுக்கையறையில் இன்னொரு தொலைபேசி வேண்டுமென்றால் மாதந்தோறும் அதற்கும் வாடகை.

சிலர் மறைவாக இரண்டாவது கருவியை இணைத்துக்கொண்டார்கள். நிறுவனமோ தடத்தில் எத்தனை மணிகள் இருக்கின்றன என்பதை நிலையத்திலிருந்தே அளந்து பார்க்க வல்லது. ஆகவே, கள்ளக்கருவியின் மணியைக் கழற்றிவிட்டுப் பயன்படுத்தினார்களாம். தன் வீட்டில், தன் சுவரில், தான் வாங்கிய கருவிக்காக ஒளிந்து வாழ்ந்த காலம் அது!

நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. தொலைபேசிப் பிணையம் ஓருடல் போன்றது. யாரோ ஒருவர் இணைக்கும் மட்டமான கருவி அளவுமீறிய மின்னழுத்தத்தைக் கம்பியில் ஏற்றினால், கம்பத்தின்மேல் வேலை செய்யும் தொழிலாளியின் உயிருக்கே கேடு வரலாம். ஆதலால், நிறுவனம் வழங்காத எந்தப் பொருளையும் அதன் கருவியோடோ கம்பியோடோ இணைக்கக்கூடாது என்பது கட்டண விதிகளிலேயே எழுதப்பட்டிருந்தது.

ஒரு கிண்ணமும் ஒரு தொட்டிலும்

இந்தக் கோட்டையில் முதல் விரிசலை ஏற்படுத்தியது ஒரு கிண்ணம். 'ஹஷ்-ஏ-ஃபோன்' என்ற அச்சிறு பொருளைப் பேசும் வாய்ப்பகுதியில் மாட்டிக்கொண்டால், பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பேச்சுக் கேட்காது. அதில் மின்சாரமும் இல்லை, கம்பியும் இல்லை. அதையும் 'அயற்பொருள்' என்று நிறுவனம் தடுத்தது. கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையமும் 1955-இல் நிறுவனத்தின் பக்கமே நின்றது. 1956-இல் வாஷிங்டனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மறுத்தது. வாயருகே கையைக் குவித்துப் பேசினால் கிடைக்கும் அதே பயனைத்தானே இக்கிண்ணமும் தருகிறது என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. பொதுவுக்குக் கேடு விளைவிக்காத வரையில், தனக்கு நன்மையானதைச் செய்துகொள்ளும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு என்பதே தீர்ப்பின் சாரம்.

அடுத்து வந்தது தொட்டில். டெக்சஸ் மாநிலத்தின் தாமஸ் கார்ட்டர், எண்ணெய் வயல்களில் வானொலிக் கருவியோடு அலைபவர்களைத் தொலைபேசியில் இருப்பவர்களோடு பேசவைக்க ஒரு வழி கண்டார். தொலைபேசியின் கைப்பிடியைத் தொட்டில் போன்ற ஒரு கருவியில் படுக்கவைத்தால் போதும். குரல் தொட்டிலுக்குள் போய் வானொலியில் ஒலிக்கும். இங்கும் கம்பி இணைப்பு இல்லை. 'கார்ட்டர்ஃபோன்' என்ற இக்கருவி 1959 முதல் 1966 வரை ஏறத்தாழ 3,500 விற்றது. வாங்கியவர்களின் தொலைபேசி இணைப்பைத் துண்டிப்போம் என்று மிரட்டல்கள் எழ, கார்ட்டர் வழக்குத் தொடுத்தார். 1968 ஜூனில் ஆணையம் தீர்ப்பளித்தது. அயற்கருவிகளை ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் விதி நியாயமற்றது. அது தொடக்கமுதலே செல்லாது என்றது.

ஒரு சிறு தொழில்முனைவோர் உலகின் மிகப்பெரிய நிறுவனங்களுள் ஒன்றை வென்றார். ஆனால், எல்லைக்கோடு எங்கே என்ற கேள்வி தீரவில்லை.

பதிவு பெற்ற செருகுவாய்

தீர்ப்புக்குப் பின் நிறுவனம் ஒரு புதிய நிபந்தனை விதித்தது. யார் கருவியையும் இணைக்கலாம். ஆனால், எங்கள் 'காப்பு இணைப்பு' ஒன்றை இடையில் வைத்து, அதற்கு மாத வாடகை தர வேண்டும் என்றது. நேரடி இணைப்புக்கு வழியில்லாத அந்நாளில்தான் கணினியின் 'மோடம்' கருவிகள் இரண்டு இரப்பர்க் கிண்ணங்களில் தொலைபேசிக் கைப்பிடியைப் பொருத்திப் பேசின. கார்ட்டரின் தொட்டிலுக்கு அவை தம்பி, தங்கைகள் எனலாம்.

1975-இல் ஆணையம் வேறு வழி கண்டது. கருவியைச் செய்பவர், அது பிணையத்துக்குக் கேடு செய்யாது என்பதைச் சோதனைகளால் மெய்ப்பித்துப் பதிவு செய்துகொள்ளட்டும். பதிவு பெற்ற எதையும் நேரடியாக இணைக்கலாம். நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றும் பயனில்லை. 1977-இல் விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்தன.

கருவியை யாரும் இணைக்கலாம் என்றால், எல்லோருக்கும் பொதுவான ஒரு செருகுவாய் வேண்டுமல்லவா? அதுதான் 'ரெஜிஸ்டர்டு ஜாக்', பதிவு பெற்ற செருகுவாய். நாம் கடைகளில் கேட்டு வாங்கிய 'ஆர்.ஜே. 11' என்பதில் உள்ள இரண்டு எழுத்துகள் இவைதாம். அந்தச் சிறு பிளாஸ்டிக் துண்டின் பெயருக்குள் ஒரு நீதிமன்ற வரலாறே அடங்கியிருக்கிறது! அக்காலத் தொலைபேசிகளின் அடிப்பகுதியில் அச்சிடப்பட்ட 'மணிச்சுமை எண்'ணும் இவ்விதிகளின் பிள்ளையே. ஒரு தடத்தில் உள்ள கருவிகளின் மணிச்சுமை எண்களைக் கூட்டினால் பொதுவாக 5-ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் மணிகள் சரிவர அடிக்கமாட்டா. எத்தனை கருவி என்று மறைந்து எண்ணிய நிறுவனம் போய், வாடிக்கையாளரே கூட்டிப் பார்த்துக்கொள்ளும் காலம் வந்தது.

1981-இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் 'ஸ்மார்ட்மோடம்' தொலைபேசித் தடத்தில் நேரடியாகச் செருகப்பட்டது. பிற்பாடு உலகம் முழுதும் வீட்டுக் கம்பிவழி இணையத்துக்குள் புகுந்ததற்கு இந்தச் செருகுவாயும் ஒரு வாயில் என்பது மிகையன்று.

1987 ஜனவரி 1

கருவி நம்முடையதாயிற்று, கம்பி? 1982 ஜனவரியில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் அமெரிக்க அரசுடன் உடன்பாடு கண்டது. அதன்படி 1984 ஜனவரி 1-இல் பெல் குழுமம் பிளவுண்டது. 22 உள்ளூர் நிறுவனங்கள் ஏழு வட்டார நிறுவனங்களாகத் திரண்டு தனியே போயின. பாகப்பிரிவினை என்றால் வேலி போட வேண்டும். இன்னது பிணையம், இன்னது வீடு என்று வரையறுக்க வேண்டிய கட்டாயம் முன்னெப்போதையும்விடக் கூடியது.

உள்கம்பிகளைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் இனி ஒழுங்குமுறைக்கு உட்பட்ட தொலைபேசிச் சேவை ஆகா என்று ஆணையம் 1986-இல் ஆணையிட்டது. அது நடைமுறைக்கு வந்த நாள் 1987 ஜனவரி 1. என் மாணவரின் கேள்விக்கு விடை அந்த நாளே.

இதில் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. 'கம்பி எங்கள் சொத்து' என்று நிறுவனம் உரிமை கொண்டாடினாலும், அதைக் காட்டி, வீட்டுக்காரர் அக்கம்பியைக் கழற்றவோ மாற்றவோ செப்பனிடவோ தடை சொல்லக்கூடாது என்று ஆணையம் கூறிவிட்டது. அதாவது, பட்டா யார் பெயரில் என்ற வாதத்தையே ஒதுக்கிவைத்துவிட்டு, ஆளும் உரிமையையும் பேணும் பொறுப்பையும் ஒருசேர வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டது.

பன்னிரண்டு அங்குலம்

1990-இல் எல்லைப்புள்ளிக்கு அளவும் வந்தது. தனி வீடானால், காப்புக்கருவியிலிருந்து 12 அங்குலத்துக்குள். காப்புக்கருவி இல்லாத வீட்டில், கம்பி உள்ளே நுழையும் இடத்திலிருந்து 12 அங்குலத்துக்குள். பல குடித்தனங்கள் உள்ள கட்டடமானால், கம்பி கட்டடத்துக்குள் நுழையும் மிக அண்மையான இடத்திலேயே எல்லை முடிந்துவிடவும் கூடும். அப்போது மாடிகளுக்கு ஏறும் கம்பிகளுக்கெல்லாம் கட்டட உரிமையாளரே பொறுப்பு.

இப்புள்ளிக்கு ஆங்கிலத்தில் 'டிமார்க்கேஷன் பாயிண்ட்' என்று பெயர். கம்பிக்காரர்கள் செல்லமாக 'டிமார்க்' என்பார்கள். இச்சொல்லின் வேரைத் தேடினேன். 1493-இல் புதிய நிலங்களை ஸ்பெயினுக்கும் போர்த்துகலுக்கும் பிரித்துக் கொடுக்கப் போப்பாண்டவர் கடல்மேல் கிழித்த கோட்டுக்கு ஸ்பானியர் இட்ட பெயரிலிருந்து வந்ததாம்! மறு ஆண்டே இரு நாடுகளும் அக்கோட்டைத் தள்ளிவைத்து உடன்படிக்கை செய்துகொண்டன. கிழக்கே போர்த்துகீசியர் வந்தார்கள். 1511-இல் நம் மலாக்கா வீழ்ந்தது. அந்தக் கோட்டைக் கிழித்தவர்கள் மலாக்காவாசிகளைக் கேட்டுக் கிழிக்கவில்லை. வீட்டுச் சுவரில் விழுந்த கோடோ, ஒரு கிண்ணத்துக்காகவும் ஒரு தொட்டிலுக்காகவும் எளியவர்கள் வழக்காடியதன் விளைவு. ஒரே சொல்தான்; வரலாறு வேறு.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

அந்தச் சாம்பல்நிறப் பெட்டிக்குப் 'பிணைய இடைமுகக் கருவி' என்று பெயர். உள்ளே இரண்டு அறைகள். ஒன்று நிறுவனத்துடையது; பூட்டியிருக்கும். மற்றது வீட்டுக்காரருடையது; ஒரு திருப்புளி போதும். இரண்டையும் இணைப்பது ஒரு சாண்கூட நீளமில்லாத சிறு கம்பியும் அதன் முனையிலுள்ள செருகியும்தான்.

செருகியைப் பிடுங்கினால் வீடு முழுதும் பிணையத்திலிருந்து பிரிந்துவிடும். அந்த வாயில் நன்றாக வேலை செய்யும் தொலைபேசி ஒன்றைச் செருகிக் கேட்க வேண்டும். டயல் ஓசை வந்தால் பழுது வீட்டுக்குள்; வரவில்லையானால் பழுது நிறுவனத்தின் பக்கம். இடிமின்னல் நேரத்தில் மட்டும் இதைச் செய்யக்கூடாது. நீதிமன்றங்களில் முப்பதாண்டு நடந்த வழக்கைச் சுவரோரம் நின்று ஒரு நிமிடத்தில் தீர்த்துவைக்கும் நடுவர் அந்தச் சிறு செருகி!

இவற்றையெல்லாம் மாணவருக்கு விளக்கினேன். வீட்டுக்குள் உள்ள கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கும்படியும் சொன்னேன். கருவி ஒன்று கெட்டுத் தடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் தொலைபேசி ஊமையாகும். இரண்டு வாரம் கழித்து அழைத்தார். நிலவறையில் பழைய இணைப்புக் கட்டை ஒன்று ஈரம் ஏறி, செம்பு பச்சை பூத்துக் கிடந்ததாம். சில வெள்ளிக்குக் கம்பி வாங்கித் தாமே மாற்றிவிட்டார்.

"என் கம்பியை நானே சரிசெய்துவிட்டேன் ஐயா!" என்றபோது குரலில் முன்பிருந்த மனக்குறை இல்லை. சற்றே பெருமிதம் இருந்தது.

கோடு கற்பிப்பது

ஆயினும், எல்லோரும் அவரைப்போல் இளைஞர் அல்லர். திருப்புளி பிடிக்க இயலாத முதியவர்களும் அதே கோட்டுக்கு உள்ளேதான் இருந்தார்கள். முன்பு ஒரு சொல்லில் தீர்ந்த பழுதுக்கு, 1987-க்குப் பின் அவர்கள் மாதந்தோறும் உள்கம்பிப் பராமரிப்புக் கட்டணம் கட்டினார்கள்; அல்லது வெளியாளைத் தேடினார்கள். தொலைபேசியை விலைக்கு வாங்கலாம் என்பதையே அறியாமல் பல்லாண்டு வாடகை கட்டிவந்தோரும் பலர். உரிமை வந்துவிட்டது என்ற செய்தி எல்லார் வீட்டுக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்வதில்லை.

கோடும் ஓரிடத்தில் நிற்பதில்லை. செப்புக்கம்பி போய் ஒளியிழை வந்த வீடுகளில், சுவரில் மாட்டும் ஒளியிழைப் பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். நிலையத்திலிருந்து வந்த அந்த 48 வோல்ட் ஒளியிழையில் வாராது. மின்தடை இரவில் தொலைபேசி உயிரோடிருக்க வேண்டுமானால், மின்கலம் வைத்துக் காப்பது வீட்டுக்காரர் கவலை. வழக்கில்லாமல், வாதமில்லாமல் பொறுப்பு இன்னும் ஓரடி நம் பக்கம் நகர்ந்துவிட்டது.

வயலுக்கு வரப்புண்டு, ஊருக்கு எல்லைக்கல் உண்டு. அமெரிக்க வீட்டுச் சுவரின் அந்தப் பெட்டியும் ஓர் எல்லைக்கல்லே. 'டிமார்க்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று மாணவர் கேட்டார். 'பொறுப்பெல்லை' என்றேன். 'உரிமையெல்லை என்று சொல்லக்கூடாதா ஐயா?' என்றார். சொல்லலாம். இரண்டும் ஒரே புள்ளியில்தான் தொடங்குகின்றன. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

உங்களுக்கு எந்தச் சொல் பொருத்தமாகப் படுகிறது? எண்ணிப் பாருங்கள்.